கணினிக் கையேடு: பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதவருக்காக எழுதுவது

கணினிக் கையேட்டை யாரும் பொழுதுபோகாமல் திறப்பதில்லை. ஒரு வேலை பாதியில் நிற்கிறது, கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை, அல்லது ஏற்கெனவே பலமுறை கேட்டாயிற்று, இன்னொரு முறை கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அப்போதுதான் திறக்கிறார்கள். அந்த நேரத்தில் அவருக்குக் கணினி கற்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. படிவத்தை அனுப்ப வேண்டும், படத்தை எடுக்க வேண்டும், அச்சடிக்க வேண்டும். கையேடு எழுத உட்காருகிறவர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்: நின்றுபோன வேலையை முடித்துக்கொடுக்கத்தான் கையேடு.

கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். ஆனால் கையில் கிடைக்கிற கையேடுகளைப் புரட்டிப் பாருங்கள். முதலில் வரவேற்புரை, அப்புறம் மென்பொருளின் சிறப்புகள், அதற்கப்புறம் ஃபைல் மெனு, எடிட் மெனு, வியூ மெனு என்று மெனு வரிசையிலேயே அத்தியாயங்கள். இந்தப் பழக்கம் பழையது. 1949-இல் பைனாக் என்ற கணினிக்கு ஜோசப் சாப்லைன் பயனர் கையேடு எழுதினார். கணினிக்கென்று எழுதப்பட்ட ஆரம்பகாலக் கையேடுகளில் அது ஒன்று. அன்றைக்குக் கணினியைத் தொட்டவர்களே பொறியாளர்களும் கணிதம் படித்தவர்களும்தான். பாகம் பாகமாக விளக்கிவிட்டால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இன்று கணினி முன் உட்காருகிறவர் வேறு ஆள், வேறு அவசரம்.

யாருக்கு எழுதுகிறீர்கள்

"கணினி தெரியாதவர்கள்" என்று ஒரே கூட்டம் எங்கும் இல்லை. வருஷக்கணக்காகக் கைபேசியைக் கரைத்துக் குடித்துவிட்டு மவுஸைத் தொடவே தொடாதவர் இருக்கிறார். தட்டச்சு சரளமாக வரும், ஆனால் சேவ் செய்த ஃபைல் எங்கே போகிறது என்று தெரியாதவர் இருக்கிறார். ஒரே ஒரு மென்பொருளில் தினமும் வேலை பார்த்துவிட்டு, அதற்கு வெளியே எதைத் தொட்டாலும் பதறுகிறவர் இருக்கிறார். மூவருக்கும் ஒரே கையேடு எழுதினால் மூவருமே பாதியில் மூடிவைப்பார்கள். அதனால் உங்களுக்கு நேரில் தெரிந்த ஒருவரை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டால், எழுதும்போது எந்த இடத்தில் விளக்கம் வேண்டும், எங்கே வேண்டாம் என்ற சந்தேகம் வந்தால் அந்தத் தாளே பதில் சொல்லும்.

இதில் கைபேசியிலிருந்து கணினிக்கு வருகிறவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது வருகிற புதியவர்களில் இவர்கள் நிறைய. கைபேசியில் ஒருமுறை தொட்டால் திறக்கும். கணினியில் ஒரு கிளிக் செய்தால் பல இடங்களில் தேர்வு மட்டும்தான் ஆகும், திறக்க டபுள் கிளிக் வேண்டும், ஆனால் இணையப் பக்கத்தில் உள்ள லிங்க்குக்கு ஒரு கிளிக்கே போதும். நமக்கு இது கையோடு ஒட்டிப்போன விஷயம், அவருக்கோ காரணமே இல்லாமல் மாறிக்கொண்டிருக்கும் விதி. அதேபோல, கைபேசிச் செயலிகள் பெரும்பாலும் தாமாகவே எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளும். "சேவ்" என்று ஒரு தனி வேலை இருக்கிறது, அதைச் செய்யாவிட்டால் எழுதியது போய்விடலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்பதும் அப்படித்தான். கைபேசியில் படங்கள் தாமாகவே ஓர் இடத்தில் வரிசையாக நிற்கும், தேடிப் போக வேண்டியதில்லை. இவர்களுக்கு எழுதும் கையேட்டில் கிளிக், டபுள் கிளிக், ரைட் கிளிக், சேவ், ஃபோல்டர் ஆகிய ஐந்தையும் முன்பக்கத்தில் ஆளுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் முன்னுரை வேண்டாம்.

தெரிந்தவருக்குத் தெரியாதது

1990-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதுக்குள் நினைத்துக்கொண்டு அதன் தாளத்தை மட்டும் மேசையில் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். உண்மையில் தட்டப்பட்ட 120 பாட்டுகளில் 3 மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டன. தட்டுகிறவர் காதில் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது, கேட்கிறவருக்கோ வெறும் டொக் டொக்.

கையேடு எழுதுகிறவருக்கும் இதேதான் நடக்கிறது. "படத்தை அட்டாச் செய்து அனுப்பவும்" என்று எழுதும்போது உங்கள் கண்முன் பேப்பர் கிளிப் ஐகான், திறக்கிற விண்டோ, அதில் ஃபோல்டர், ஓப்பன் பட்டன் எல்லாம் ஓடுகின்றன. தாளில் இருப்பது நான்கு சொல். இதை யோசித்து யோசித்துச் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் தெரிந்ததை மனதிலிருந்து அழிக்க முடியாது. வெளியிலிருந்துதான் உதவி வர வேண்டும், அதற்கு இரண்டு வழி: எழுதுவதற்கு முன் பயனர்களின் கேள்விகளைச் சேகரிப்பது, எழுதிய பின் அவர்களை உட்காரவைத்துப் பார்ப்பது.

கேள்விகளை உதவி மையத்தில் தொலைபேசி எடுப்பவரிடம் கேளுங்கள், அலுவலகத்தில் எல்லோரும் "கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிடும் அந்த ஒருவரிடம் கேளுங்கள். அவர் வாயிலிருந்து வருகிற வாக்கியம்தான் உங்கள் தலைப்பு. "கோப்பு மேலாண்மை" என்ற தலைப்பை யாரும் தேடமாட்டார்கள். "சேவ் செய்த ஃபைலைக் காணோம்", "பிரிண்ட் கொடுத்தேன், எதுவும் வரவில்லை", "எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது" என்று எழுதினால் பொருளடக்கத்தைப் பார்த்தவுடனே தன் பிரச்சினை இங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பொருளடக்கம் நீளமாகப் போகட்டும், பரவாயில்லை. பலர் கையேட்டில் படிக்கிற ஒரே பக்கம் அதுதான், அதற்குப் பிறகு நேராகத் தங்கள் பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

1980-களில் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தில் ஜான் கேரல் என்பவரும் அவரோடு இருந்தவர்களும், புதியவர்கள் ஆவணம் தட்டச்சு செய்யும் கணினியை எப்படிப் பழகுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். கையேட்டை முதலிலிருந்து படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. நேராக எதையாவது அழுத்திப் பார்க்கிறார்கள், மாட்டிக்கொள்கிறார்கள், அப்புறம் கையேட்டில் நடுவில் எங்கேயோ புரட்டுகிறார்கள். அவர்களைத் திருத்த முயலாமல் கையேட்டை மாற்றினார் கேரல். முன்னுரைகளை வெட்டினார், முதல் பக்கங்களிலேயே உண்மையான வேலையைக் கொடுத்தார், தவறு நேர்ந்தால் வெளியே வருவது எப்படி என்பதைச் சேர்த்தார். பழைய கையேட்டைவிடச் சிறியதாக இருந்த இந்தக் கையேட்டை வைத்து மக்கள் இன்னும் வேகமாகக் கற்றுக்கொண்டார்கள். நாற்பது வருஷம் ஆகிவிட்டது, படிக்கிற விதம் துளியும் மாறவில்லை. ஆகவே ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக, முந்தைய பக்கத்தைப் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள். "முன்பே சொன்னதுபோல" என்ற தொடர் கையேட்டில் எங்கேயும் வரக்கூடாது.

ஒரு படி எப்படி இருக்க வேண்டும்

ஒரு படிக்கு ஒரு செயல். எங்கே பார்க்க வேண்டும், என்ன செய்ய வேண்டும், செய்தால் என்ன தெரியும் என்ற வரிசையில். "திரையின் வலது மேல் மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதைக் கிளிக் செய்யுங்கள். ஒரு பட்டியல் விரியும்." இந்த மூன்றாவது வாக்கியத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கேட்டால் கையேட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. பக்கத்தில் ஆள் இருந்தால் "ம், சரி, அடுத்தது" என்று சொல்வார் இல்லையா, அந்த வேலையை இந்த வாக்கியம் செய்கிறது. அது இல்லாமல் போனால் மூன்றாவது படியில் தவறிய ஒருவர் எட்டாவது படி வரைக்கும் தவறியது தெரியாமலே போவார், அப்புறம் எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. எங்கே என்பது முன்னால், என்ன செய் என்பது பின்னால், கையேட்டுக்கு இது வசதியான வரிசை. ஆனால் வாக்கியத்தை நீட்டினால் அதுவே பகையாகிவிடும். "மேலே உள்ள பட்டியலில் இருந்து நீங்கள் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கும் ஃபோல்டரின் பெயரைத் தேர்வுசெய்த பின் தோன்றும் விண்டோவில் உள்ள நீல நிற பட்டனை" என்று படித்துக்கொண்டே போகிறவர் வினை வருவதற்குள் பட்டியலை மறந்திருப்பார். கையேட்டில் குட்டி வாக்கியங்கள்தான். அழகாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

செயப்பாட்டு வினையும் வேண்டாம். "கிளிக் செய்யப்பட வேண்டும்" என்றால் யார் செய்வது, கணினியா, நானா என்ற குழப்பம் உண்மையிலேயே வருகிறது. "கிளிக் செய்யுங்கள்" என்றால் அவர். "விண்டோ திறக்கும்" என்றால் கணினி.

எச்சரிக்கை என்றால் அது படிக்கு முன்னால் வர வேண்டும். "டெலிட் பட்டனை அழுத்துங்கள். குறிப்பு: இதைத் திரும்பப் பெற முடியாது" என்று எழுதுவது கொடுமை, படித்துக்கொண்டே செய்கிறவர் குறிப்புக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நிபந்தனையும் அப்படித்தான், "உங்களிடம் பிரிண்டர் இருந்தால்" என்பது வாக்கியத்தின் தலையில் நிற்க வேண்டும்.

ஓர் உதாரணம்

கைபேசியில் எடுத்த படத்தைக் கணினிக்கு மாற்றுவது. சாதாரணமாக இப்படி எழுதுவார்கள்: "யு.எஸ்.பி கேபிள் மூலம் கைபேசியைக் கணினியுடன் இணைத்து, ஃபைல் டிரான்ஸ்ஃபர் முறையைத் தேர்வுசெய்து, டிசிஐஎம் ஃபோல்டரில் உள்ள படங்களைத் தேவையான இடத்திற்கு நகலெடுக்கவும்." இதில் பிழை ஒன்றும் இல்லை. தெரிந்தவருக்கு இது போதும், ஆனால் தெரிந்தவர் கையேட்டைத் திறக்கவே மாட்டாரே. ஆண்ட்ராய்டு கைபேசியும் விண்டோஸ் கணினியும் வைத்திருக்கும் ஒருவருக்கு நான் இப்படி எழுதுவேன்:

1. கைபேசியின் பூட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.
2. சார்ஜர் கேபிளின் ஒரு முனையைக் கைபேசியிலும் மறுமுனையைக் கணினியிலும் செருகுங்கள். கைபேசி சார்ஜ் ஆகத் தொடங்கும்.
3. கைபேசித் திரையின் உச்சியிலிருந்து விரலைக் கீழே இழுங்கள். அறிவிப்புகள் இறங்கிவரும். அவற்றில் USB என்று எழுதியிருப்பதைத் தொடுங்கள். சில கைபேசிகளில் இரண்டு முறை தொட வேண்டியிருக்கும்.
4. வருகிற பட்டியலில் "File transfer" என்பதைத் தொடுங்கள். இனி கணினிக்கு வாருங்கள்.
5. கீபோர்டில் விண்டோஸ் சின்னம் உள்ள கீயை அழுத்தியபடியே E எழுத்தை ஒருமுறை தட்டுங்கள். ஒரு விண்டோ திறக்கும்.
6. அதன் இடதுபக்கப் பட்டியலில் "This PC" என்பதைக் கிளிக் செய்யுங்கள். வலதுபக்கம் உங்கள் கைபேசியின் பெயர் தெரியும்.
7. அந்தப் பெயரை டபுள் கிளிக் செய்யுங்கள். இதே மாதிரி, அடுத்தடுத்துத் தெரிகிற "Internal storage", "DCIM", "Camera" ஆகியவற்றையும் டபுள் கிளிக் செய்யுங்கள். உங்கள் படங்கள் தெரியும்.
8. வேண்டிய படத்தின்மேல் ஒரே ஒருமுறை கிளிக் செய்யுங்கள். படத்தைச் சுற்றி நிறம் மாறும்.
9. கன்ட்ரோல் (Ctrl) கீயை அழுத்தியபடியே C எழுத்தைத் தட்டுங்கள். திரையில் எதுவும் மாறாது. அது சரிதான்.
10. இடதுபக்கப் பட்டியலில் "Pictures" என்பதைக் கிளிக் செய்யுங்கள். கன்ட்ரோல் கீயை அழுத்தியபடியே V எழுத்தைத் தட்டுங்கள். படம் இங்கே தோன்றும்.

படம் இப்போது இரண்டு இடத்திலும் இருக்கிறது. கைபேசியிலிருந்து எதுவும் போகவில்லை.

ஆறாவது படியில் கைபேசியின் பெயர் தெரியவில்லையா? கைபேசி மறுபடி பூட்டிக்கொண்டதா என்று பாருங்கள். 3, 4 படிகளை இன்னொரு முறை செய்யுங்கள். அப்போதும் வராவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள்; சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் செய்யும், படத்தைக் கடத்தாது.

ஒரு வாக்கியம் பத்துப் படியாகிவிட்டது, உண்மைதான். ஆனால் படிக்கிற நேரம் கூடினாலும் வேலை முடிகிற நேரம் குறையும். ஒன்பதாவது படியைக் கவனியுங்கள். காப்பி செய்யும்போது திரையில் ஒன்றும் நடக்காது. அதைச் சொல்லாவிட்டால் "வேலை செய்யவில்லை" என்று நினைத்து மறுபடி மறுபடி தட்டுவார், வேறு கீயைத் தட்டிப் பார்ப்பார், படத்தை இழுப்பார். எங்கே எதுவும் நடக்காதோ அங்கே எதுவும் நடக்காது என்று எழுதியே ஆக வேண்டும். அதேபோல, நேரம் எடுக்கிற இடத்தில் "ஓரிரு நிமிஷம் ஆகலாம், காத்திருங்கள்" என்று எழுதுங்கள். ஏழாவது படியில் ஒரு படிக்கு ஒரு செயல் என்ற விதியை மீறியிருக்கிறேன், ஏனென்றால் நான்கும் ஒரே செயல். கடைசியில், கைபேசியிலிருந்து எதுவும் போகவில்லை என்ற வரி. அந்தப் பயம் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பயம், படங்கள் அழிந்துவிடுமோ என்பதாலேயே இந்த வேலையைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள்.

சொற்கள்

திரையில் இருக்கிற பெயரை அப்படியே எழுதுங்கள், எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில். அவர் தாளில் உள்ளதையும் திரையில் உள்ளதையும் உருவத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆங்கிலத் திரை வைத்திருப்பவருக்கு மெனுவின் பெயரைத் தமிழாக்கிக் கொடுத்தால் அவர் இல்லாத பட்டனைத் தேடிக்கொண்டிருப்பார். திரையே தமிழில் இருந்தால் அந்தத் தமிழ்ச் சொல் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அதுதான்.

ஒரு பொருளுக்கு ஒரு பெயர். ஒரு பக்கத்தில் ஃபோல்டர், அடுத்ததில் கோப்புறை, அதற்கடுத்ததில் அடைவு என்று எழுதினால் மூன்று வெவ்வேறு பொருள் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சலிப்பு, கையேட்டில் அதுதான் ஒழுக்கம். எழுதத் தொடங்கும் முன்பே சொற்பட்டியல் ஒன்று தயார் செய்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதுவதாக இருந்தால் இது இல்லாமல் ஆகாது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். "எளிதாக", "சுலபமாக", "வெறுமனே", "தெரிந்ததுதானே" என்ற சொற்களைத் தேடிப் பிடித்து எடுத்துவிடுங்கள். எழுதுகிறவர் தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் எழுதுகிறார். ஆனால் அந்த "எளிய" படியிலேயே மாட்டிக்கொண்டவருக்கு அது என்ன சொல்கிறது? இதுகூட உனக்கு வரவில்லை என்று சொல்கிறது. அவர் கையேட்டைக் குறை சொல்லமாட்டார், தன்னைத்தான் சொல்லிக்கொள்வார், "எனக்கு இதெல்லாம் வராது" என்று எழுந்துபோய்விடுவார். அப்படி எழுந்துபோன ஒருவரைத் திரும்ப உட்காரவைப்பது ரொம்பக் கஷ்டம்.

படங்கள்

ஸ்கிரீன்ஷாட் எல்லாப் படிக்கும் தேவையில்லை. திரை மொத்தமாக மாறும் இடத்திலும், தேடவேண்டிய பொருள் சின்னதாகவோ பெயர் இல்லாத ஐகானாகவோ இருக்கும் இடத்திலும் போடுங்கள். விண்டோஸில், விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கலாம். ஆனால் பட்டனை மட்டும் நறுக்கி எடுக்காதீர்கள். அது திரையில் எங்கே இருக்கிறது என்று தெரிகிற அளவுக்குச் சுற்றுப்புறம் வேண்டும். ஒரு படத்தில் ஒரே ஒரு குறி, தடிமனான வட்டமோ அம்போ. "சிவப்பில் காட்டியுள்ளதை அழுத்துங்கள்" என்று நிறத்தை மட்டும் நம்பினால், சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர்களுக்கும், கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தவர்களுக்கும் அந்தப் படம் உதவாது. குறிக்குப் பக்கத்தில் படியின் எண்ணையும் போட்டுவிடுங்கள்.

படத்தில் யாருடைய மின்னஞ்சல் முகவரி, கைபேசி எண், கணக்கு எண் தெரிகிறதோ அதை மறையுங்கள். மங்கலாக்கினால் போதாது, எழுத்தைச் சில நேரம் மீட்டெடுத்துவிடலாம். முழுக் கறுப்புக் கட்டம் போட்டு, படமாகவே மறுபடி சேமித்துவிடுங்கள். இதைவிட நல்லது, போலிப் பெயரில் ஒரு சோதனைக் கணக்கு தொடங்கி எல்லாப் படத்தையும் அதிலேயே எடுப்பது.

படத்தில் இருக்கும் தகவல் எழுத்திலும் இருக்க வேண்டும். திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளில் கேட்பவர்களுக்குப் படம் தெரியாது.

தவறினால் என்ன

நல்ல கையேட்டில் கால்வாசியாவது இதற்குப் போகும் என்பேன். ஒவ்வொரு வேலையின் முடிவிலும், அது தவறக்கூடிய இடங்களைச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் தூக்கிக் கடைசி அத்தியாயத்தில் கொட்டாதீர்கள். பிழைச்செய்தி வந்தால் அதன் வாசகத்தை ஒரு எழுத்துகூட மாற்றாமல் கொடுங்கள், அதற்குக் கீழே அதன் அர்த்தத்தை ஒரு வரியில், அடுத்து என்ன செய்வது என்பதையும்.

பயத்தைக் குறைக்க "பயப்படாதீர்கள்" என்று எழுதிப் பயன் இல்லை. எது திரும்பி வரும், எது வராது என்று துல்லியமாகச் சொன்னால் பயம் தானாகக் குறையும். தட்டச்சு செய்யும்போது ஏதாவது காணாமல் போனால் கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். விண்டோஸ் கணினியில் அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னில் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பென்டிரைவிலிருந்து அழித்தது பொதுவாக அங்கே போகாது, ஷிஃப்ட்டைச் சேர்த்து டெலிட் அழுத்தினாலும் போகாது. இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே சொல்லிவைப்பது பத்து ஆறுதல் வாக்கியங்களுக்குச் சமம். பாஸ்வேர்டோ ஓ.டி.பி-யோ கேட்கும் படி எங்கே வந்தாலும், இதை இந்தத் திரையில் மட்டும்தான் எழுத வேண்டும், தொலைபேசியில் யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள். முன்பக்கத்தில் பொதுவாக எழுதினால் தேவைப்படும்போது ஞாபகம் வராது.

உட்காரவைத்துப் பாருங்கள்

எழுதி முடித்ததும் உங்கள் வாசகர் மாதிரி ஒருவரை அழையுங்கள். கையேட்டையும் கணினியையும் கொடுங்கள், ஒரு வேலையைச் சொல்லுங்கள், "இந்தப் படத்தைக் கணினிக்குக் கொண்டுவாருங்கள்" என்கிற மாதிரி. அப்புறம் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். இதுதான் மொத்த வேலையிலும் கடினமான பகுதி. அவர் பட்டனுக்குப் பக்கத்தில் கர்சரை வைத்துக்கொண்டு பட்டனைத் தேடுவார், உங்கள் கை தானாக நீளும். நீட்டக்கூடாது. நீங்கள் வாயால் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் கையேட்டில் இல்லாத சொல், அதைக் குறித்துக்கொண்டால் போதும்.

"சோதனை உங்களுக்கு இல்லை, இந்தத் தாளுக்குத்தான், மாட்டிக்கொண்டால் எழுதியது சரியில்லை என்று அர்த்தம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிந்தபின் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அவர் எங்கே நின்றார், எங்கே இரண்டு முறை படித்தார், எங்கே பின்னால் புரட்டினார் என்பதைப் பாருங்கள். கண்களையும் கவனியுங்கள். தாளைப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார், திரும்பத் தாளுக்கு வரும்போது விட்ட இடம் தெரியாமல் விரலை வைத்துத் தேடுவார். அதைப் பார்த்தால் தெரியும், படிகளின் எண்களை ஏன் பெரிதாக, தடித்த எழுத்தில், ஓரத்தில் தனியாக நிற்கும்படி போட வேண்டும் என்று. ஒரு வேலை பக்கத்தின் நடுவில் முறிந்து மறுபக்கம் போகாமல் பார்த்துக்கொள்வதும் இதனால்தான், ஏனென்றால் ஒரு கை மவுஸில் இருக்கிறது.

எத்தனை பேர் போதும்? இணையத்தளங்களைச் சோதிப்பது பற்றி ஜேக்கப் நீல்சன் என்ற பயன்பாட்டு ஆய்வாளர் 2000-இல் எழுதியது இங்கேயும் பொருந்தும்: ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும், மிச்சப் பணத்தையும் நேரத்தையும் திருத்தி மறுபடி சோதிக்கச் செலவிடலாம். ஐந்து பேர் கிடைக்காவிட்டால் ஒருவர். ஒருவரைக்கூடப் பார்க்காமல் வெளியிடுவதுதான் கூடாது.

வடிவமும் பராமரிப்பும்

அச்சில் கொடுப்பதாக இருந்தால் தமிழ் எழுத்தின் அளவை 12 புள்ளிக்கு (பாயின்ட்) குறையாமல் வையுங்கள், வயதானவர்களுக்கு 14. வரிகளுக்கு நடுவே இடம் விடுங்கள், மேலும் கீழும் நீளும் எழுத்துகள் நமக்கு அதிகம். பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் இன்னொரு சிக்கல்: எந்தத் திரையில் வேலை செய்ய வேண்டுமோ அதே திரையில் கையேடும் திறந்திருக்கும், இரண்டு விண்டோவுக்கு நடுவே மாறுவதே அவருக்குத் தெரியாத வேலை. கைபேசியில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம், அப்படியானால் பக்க அளவும் கைபேசிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

முதல் பக்கத்தில் மென்பொருளின் பெயர், பதிப்பு எண், கையேட்டைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி மூன்றும் கண்ணில் படும்படி இருக்கட்டும். விண்டோஸ் 11 2021-இல் வந்தபோது ஸ்டார்ட் பட்டன் இடது மூலையிலிருந்து நடுவுக்கு நகர்ந்தது. "இடது கீழ் மூலையில் உள்ள ஸ்டார்ட் பட்டன்" என்று எழுதியிருந்த கையேடுகள் ஒரே நாளில் பொய்யாகிவிட்டன. இந்த மாதிரி நேரத்துக்காக, எந்தெந்தப் படி எந்தத் திரையை நம்பியிருக்கிறது, எந்த ஸ்கிரீன்ஷாட் எங்கே பயன்பட்டிருக்கிறது என்று தனியாக ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் மாறும்போது முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை, அட்டவணையில் உள்ள இடங்களை மட்டும் மாற்றலாம். மாற்றிய ஒவ்வொரு வேலையையும் முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை, தாளில் எழுதியிருப்பதை மட்டும் பின்பற்றி, வேறொரு கணினியில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத் தேதியை மாற்றுங்கள்.